மணப்பெண்ணே புரூஃப் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். அப்பா காலத்தில் டிரெடில் மெஷினும் ஈய எழுத்தும்; இப்போது கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும். கல்யாண அழைப்பிதழ்தான் எங்கள் சோறு. என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதப்போகிற மூன்று பெண்பிள்ளைகளை ஊரில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. அதற்காகவே ஊர், உறவு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்' என்று அவ்வப்போது நாலு வரி வருகிறது. அதிகாரிகள் போனார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். ஜீப் வந்து நிற்பது மட்டும் செய்தியாகிறது. அதற்கு முந்தின இருபது நாளில் அந்தக் கல்யாணம் எத்தனை பேர் கை வழியாக வந்திருக்கும்! அழைப்பிதழ் அடிக்கிறவர், ரவிக்கை தைக்கிறவர், மண்டபத்து மேனேஜர், சமையல்காரர், பந்தல்காரர், பூக்கடைக்காரர், நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர். எல்லாருமே ஏதோ ஒன்றைப் பார்த்திருப்போம். பார்த்துவிட்டு நமக்கென்ன என்று இருந்திருப்போம். இல்லையென்றால், சொல்லக் கூடாத ஆளிடம் போய்ச் சொல்லியிருப்போம். நான் அந்த இரண்டாவது தப்பைச் செய்தவன்.

2014 வைகாசி மாதம். ஜவுளி எடுக்க வந்த கையோடு ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. அப்பா, தாய்மாமன், பின்னால் அந்தப் பெண். ஆல்பத்தைப் புரட்டி மாமன்தான் கார்டைத் தேர்ந்தெடுத்தார். பேர் விவரமெல்லாம் எழுதி வாங்கி, டைப் பண்ணி, புரூஃப் எடுத்தேன். பேரில் பிழை வந்துவிடக் கூடாதென்று, வந்திருக்கிற பொண்ணு மாப்பிள்ளை கையிலேயே புரூஃபைக் கொடுத்துவிடுவது அப்பா காலத்து வழக்கம். அவளிடம் நீட்டினேன். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். 'திருநிறைசெல்வி' என்று நான் அடித்திருந்ததில் விட்டுப்போன இடத்தில் கூரை மாதிரி குறி போட்டு ஒரு 'ச்' எழுதினாள். அப்புறம் தன் பேருக்கு வந்ததும் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் அவள் படிக்கவில்லை. தாளை மடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு வாசல்படிக்குப் போய்விட்டாள்.

"படிப்புல கெட்டிக்காரி அண்ணாச்சி. இப்பதான் பிளஸ் ஒன் முடிச்சிருக்கா" என்றார் அப்பா. மாமன் அவர் கையை அமுக்கினார். அதை நான் பார்த்தேன்.

பார்த்துவிட்டு என்ன செய்தேன்? அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்குப் பதினெட்டு ஆகலையே, இது தப்பு இல்லையா" என்று தணிவாகச் சொன்னேன். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். அவரும் தலையை ஆட்டினார். "சரி அண்ணாச்சி, நிறுத்திருதேன்." கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அதே மாமன் காதுகுத்து அழைப்பிதழ் அடிக்க வந்தார். இடுப்பில் குழந்தையோடு அவளும் வந்திருந்தாள். மாமன் டீ குடிக்கப் போன நேரத்தில் புரூஃபை வாங்கி ஒரு பிழையைக் காட்டினாள். திருத்திவிட்டு நிமிர்ந்தேன். "மாமா, அன்னைக்கு நீங்க அப்பாகிட்ட சொன்னதுனாலதான் அந்த வியாழக்கிழமையே சாமி கோயில்ல வச்சு முடிச்சிட்டாவ" என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னாள், அவ்வளவுதான். இருபத்தைந்து நாள் இருந்த கல்யாணத்தை நான் நாலு நாளாக்கிவிட்டேன். அழைப்பிதழ் இல்லாமல், மண்டபம் இல்லாமல், யாரும் தடுக்க வர வழியில்லாமல்.

அன்றைக்கும் எனக்கு இன்னொன்று தெரியாது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அப்படிக் கட்டிவைக்கப்பட்ட பெண் இருபது வயது நிறையும் முன் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தக் கல்யாணத்தைச் செல்லாததாக்கலாம். பிள்ளை பிறந்திருந்தாலும் அந்தப் பிள்ளையின் உரிமைக்குக் குறைவு வராது. என் கடையில் காதுகுத்துப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு வயது பத்தொன்பது. சொல்லத் தெரியாமல் நின்றேன்.

என் தம்பி மகள் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போனில் அவளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அங்கேயும் இது உண்டாம். கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்க 2007இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். 2014இல் அதைக் கிரிமினல் குற்றமாக்கினார்கள். கோடை விடுமுறையில் "பாட்டியைப் பார்த்துட்டு வரலாம்" என்று சொந்த நாட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிவைத்துவிடுகிறார்கள் என்பதால், விடுமுறைக்கு முன்னால் ஆசிரியர்கள் கவனமாக இருப்பார்களாம். விமான நிலையத்தில் தப்பிக்க வழி தெரியாத பெண்களுக்கு அங்குள்ள ஒரு தொண்டு அமைப்பு ஒரு யோசனை சொல்லியிருக்கிறது: உள்ளாடைக்குள் ஒரு ஸ்பூனை ஒளித்துவைத்துக்கொள், சோதனையில் மணி அடிக்கும், உன்னைத் தனியறைக்குக் கூட்டிப்போவார்கள், அங்கே உண்மையைச் சொல் என்று. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

தம்பி மகள் எங்களுக்குச் சொன்னதில் முக்கியமானது, அங்கே 'ஒரே வாய்ப்பு' என்று வைத்திருக்கிற விதி. அந்தப் பெண்ணோடு பேச உனக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பாக இருக்கலாம், அதை வீணாக்காதே. தனியாக வைத்துக் கேள். வீட்டாரை, சொந்தக்காரரை, ஊர்ப் பெரியவரைச் சமாதானத்துக்கு இழுக்காதே. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவளிடம் சத்தியம் பண்ணாதே. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும், அதையும் அவளிடமே சொல்லிவிடு. நான் 2014இல் செய்தது ஒவ்வொன்றும் இதற்கு நேர்மாறு.

அடுத்த சந்தர்ப்பம் 2022 டிசம்பரில் வந்தது. என் மனைவி அச்சகத்தை ஒட்டியே ரவிக்கை தைக்கிறாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை மாதத்து ஆர்டர் எல்லாம் அப்போதுதான் வரும். ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா பீடி சுற்றுகிறவர்; விரல் நுனியைப் பார்த்தாலே எங்கள் பக்கத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் இறந்து மூணு வருஷம். மாப்பிள்ளைக்கு பம்பாயில் கடை, முப்பது தாண்டியவர், "நகை ஒண்ணும் வேண்டாம், செலவும் எங்களோடது" என்று சொல்லியிருக்கிறார். அம்மா எங்களிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னார். மகளிடம் நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார். கழுத்து எவ்வளவு இறக்கம்? அம்மா சொன்னார். கைக்கு லேஸ் வேணுமா? அதுவும் அம்மாதான்.

அளவெடுக்க ஒரு திரை மறைவு உண்டு. அம்மா கூடவே உள்ளே வரப் பார்த்தார். "இடம் பத்தாது மதினி, செத்த நேரம் உக்காருங்க" என்று என் மனைவி திரையை இழுத்துவிட்டாள். நான் வெளியே அம்மாவிடம் கார்டு மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை மனைவி அப்புறம் சொன்னாள். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்தால் அந்தப் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறதாம். "மூச்சு விடும்மா, இல்லேன்னா அளவு தப்பிரும்." விடவில்லை. "ஏட்டி, உனக்கு இதுல சம்மதந்தானா?" என்று காதோரம் கேட்டிருக்கிறாள். சம்மதம், சம்மதமில்லை என்று அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் திங்கக்கிழமை அரையாண்டு கணக்குப் பரீட்சை இருக்கு அத்தை. போக விடமாட்டேங்காங்க" என்றதாம்.

'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று அந்த வயதில் எந்தப் பிள்ளையும் சினிமாவில் வருகிற மாதிரி சொல்லாது. கணக்குப் பரீட்சையைத்தான் சொல்லும். கேட்கிறவருக்கு அது புரிய வேண்டும். என் மனைவிக்குப் புரிந்தது. "நான் இதை உதவி பண்றவங்ககிட்ட சொல்லப்போறேன். உங்க வீட்டுல சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சத்தமாக "கை சுத்தளவு பத்தரை" என்று என்னிடம் கூவினாள். நான் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் பண்ணினேன். கை நடுங்கியது உண்மை. பிள்ளையின் பேர், பள்ளிக்கூடம், ஊர், கல்யாணத் தேதி கேட்டார்கள். என் பேரைச் சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்றார்கள். நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: நேராக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பள்ளிக்கூடத்து வழியாகப் போங்கள். அப்படியே செய்தார்கள். தலைமையாசிரியை அறையில் வைத்து அவளிடம் தனியாகப் பேசினார்கள். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட் போதுமானதாக இருந்தது. மாவட்ட சமூக நல அலுவலர்தான் நம் மாநிலத்தில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும்கூட என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குழந்தைகள் நலக் குழு முன்னால் அம்மாவை உட்காரவைத்துப் பேசினார்கள். தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். அதையும் மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. இங்கே அதுவரை போகவில்லை.

அந்த அம்மாவைக் கெட்டவராக எழுத எனக்கு மனசு வரவில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது, ஒரு வயிறு குறையும், மகளாவது பம்பாயில் நன்றாக இருப்பாள். அவர் கணக்கு அது. அதனால்தான் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப்போவது போதாது என்கிறேன். நல்லவேளை, அந்தச் சமயத்தில் புதுமைப் பெண் திட்டம் வந்து மூணு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். அப்போது சிலர் குறை சொன்னார்கள். நான் அந்த மாற்றத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தத் தலைமையாசிரியை அம்மாவுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே மனசை மாற்றினார். அந்தப் பிள்ளை மறு வருஷம் கல்லூரியில் சேர்ந்தது. அவளுக்காகத் தைக்க வந்த பட்டு ரவிக்கைத் துணியை என் மனைவி அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூலியும் வாங்கவில்லை.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் குழந்தைத் திருமணங்களைப் பற்றிச் சொன்ன தீர்ப்பில் இதைத்தான் சொன்னது. கேஸ் போடுவதைவிட நடக்காமல் தடுப்பதற்கும் பிள்ளையைப் பாதுகாப்பதற்கும் முதலிடம் கொடுக்கச் சொன்னது. அதற்காகச் சட்டத்தில் பல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நடத்திவைத்தவருக்கும் உடந்தையாக இருந்தவருக்கும் இரண்டு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஜாமீனில் வர முடியாத குற்றம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒரு தடவை வாசித்தால் நல்லது.

சரி, பதினெட்டு ஆகிவிட்டால்? என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

நான் பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணத்துக்கு விரோதி கிடையாது. எனக்கே அப்படித்தான் நடந்தது. முப்பத்தைந்து வருஷமாக அப்படிப்பட்ட கல்யாணங்களுக்குத்தான் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் மனைவியைப் பெண் பார்க்கப் போனபோது, அவளுடைய அப்பா அடுப்படிக்குப் போய் அவளைக் கேட்டுவிட்டு வந்துதான் சரி என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்போம். வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்த வீட்டில் பேச்சு நிற்குமா நிற்காதா என்பதை வைத்துத்தான் எது கட்டாயம் என்று நான் பார்க்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒருத்தர் தங்கைக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். நூறு கார்டு போதும், இரண்டு நாளில் வேண்டும், முகூர்த்தம் எட்டாம் நாள். எங்கள் ஊரில் நூறு கார்டில் எந்தக் கல்யாணமும் முடியாது. மொய்க்கணக்கு நோட்டே அதைவிடப் பெரிது. பொண்ணு எம்.எஸ்ஸி. ஆனால் "பட்டம் போட வேண்டாம் அண்ணாச்சி" என்றார். மாப்பிள்ளை முறைமாப்பிள்ளைதான். இப்போதெல்லாம் நான் பொண்ணு மாப்பிள்ளை இருவருடைய மார்க்ஷீட் நகலும் கேட்பேன்; புரூஃபை அவர்களே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், வர முடியாவிட்டால் போனிலாவது வாசித்துக் காட்டுவேன். "பொண்ணுகிட்ட போன் இல்ல" என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பெண்ணிடம் போன் இல்லையா? "ஆச்சிக்கு முடியலன்னு வந்தா. போன் ரிப்பேர்." நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, நாளை மறுநாள் வாங்கிக்கிடுங்க என்றேன்.

வயது வந்த பெண்ணென்றால் 181. பெண்களுக்கான உதவி எண். பேசினேன். திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தி ஒரு பெண்ணைக் கடத்துவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் பத்து வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றம். இந்துத் திருமணச் சட்டத்திலேயே, பலவந்தமாக வாங்கிய சம்மதத்தில் நடந்த கல்யாணத்தை, அந்தப் பலவந்தம் நின்ற ஒரு வருஷத்துக்குள் மனுப்போட்டு ரத்து செய்ய இடம் இருக்கிறது. தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொள்வது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. சாதி பார்த்து வெட்டுகிற அரிவாளை நம் ஜில்லா நிறையப் பார்த்திருக்கிறது. அதனால்தான் இந்த மாதிரி நேரத்தில் ஊர்க்காரர் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. 'நல்ல மனுஷன்தான்' என்று நினைத்து ஒருவரிடம் சொன்னால் ராத்திரிக்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும்.

அடித்த கார்டுகளை வாங்க அந்த அண்ணன் வரவே இல்லை. கல்யாணம் நடக்கவில்லை என்று மண்டபத்துக்குப் பூக்கொடுக்கிறவர் சொன்னார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. நான் விசாரித்தேன் என்பதே அவளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தடயமாகிவிடலாம். நூறு கார்டும் கட்டுப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை இதுதான். தடுக்கப்பட்ட கல்யாணத்தைச் செய்தியாகப் போடும்போது ஊர் பேர், தெருப் பேர், பள்ளிக்கூடத்தின் பேர் எதையும் போடாதீர்கள். கல்யாண ஆபத்தில் இருக்கிற பிள்ளையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகத்தான் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் பார்க்கிறது. அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடக் கூடாதென்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. 'பிளஸ் டூ படிக்கும் 17 வயது மாணவி' என்று ஊர் பேரோடு போட்டால், நூற்றைம்பது வீடு இருக்கிற ஊரில் அது யாரென்று டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு பஸ் ஏறும்? பேர் போடாமல், ஆறு மாதம் கழித்து 'நிறுத்தப்பட்ட கல்யாணத்தின் பெண் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாளா' என்று அதிகாரிகளைக் கேட்டு எழுதுங்கள். அந்தச் செய்திக்கு நாலு வரிக்குமேல் இடம் கொடுங்கள்.

என் சக தொழில்காரர்களுக்கு: இப்போது சிவகாசியிலிருந்தே டிசைன் போனில் வந்துவிடுகிறது, நாம் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று சொல்வீர்கள். போகிறார்கள்தான். எனக்கும் வருஷத்துக்குச் சில ஆர்டர் போகிறது. மார்க்ஷீட்டைக் கேளுங்கள். புரூஃபைப் பெண்ணிடம் கொடுங்கள். சந்தேகம் வந்தால் காட்டிக்கொள்ளாமல் ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டு போன் பண்ணுங்கள்.

இந்த வருஷம் நான் அடித்த மாதக் காலண்டரில், முகூர்த்த நாள் பட்டியலுக்குக் கீழே 1098, 181 இரண்டு எண்களையும் சிவப்பில் போட்டிருக்கிறேன். பெண்ணும் பார்ப்பாள், பெற்றவர்களும் பார்ப்பார்கள், நாள் பார்க்கிற ஜோசியரும் பார்ப்பார். உங்கள் நாளிதழில் தினமும் ராசிபலனும் பஞ்சாங்கமும் வருகிற கட்டத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். தையிலிருந்து பங்குனி வரையும், அப்புறம் பரீட்சை முடிந்து வருகிற சித்திரை, வைகாசியிலுமாவது அந்த எண்களைப் போடுங்கள். டிசைன் வேண்டுமென்றால் நானே செய்து அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்தும் வாசகர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.